இலையுதிர்காலச் சிறு பண்ணை: பராமரிப்பும் பரிதவிப்பும்

ஓர் ஆண்டில் ஆயிரம் டாலருக்குக் குறையாமல் விளைபொருள் விற்கும் இடம் எதுவோ அது பண்ணை என்பது அமெரிக்க வேளாண் துறை வகுத்த இலக்கணம். 1970களின் நடுவிலிருந்து இது மாறவில்லை. இலக்கணம் அதோடு நிற்காமல், வழக்கமான ஆண்டாக இருந்தால் அவ்வளவு விற்றிருக்கக்கூடிய இடங்களையும் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொள்கிறது. நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் பல சிறு பண்ணைகள் இந்தப் பிற்சேர்க்கையின் தயவில்தான் பண்ணை என்ற பெயரோடு நடமாடுகின்றன. நாலைந்து ஏக்கர் நிலம், ஒரு டஜன் கோழி, மூன்று வெள்ளாடு, சில செம்மறி, வசந்தத்தில் வாங்கிய ஒரு பன்றி, இரண்டு தேனீப் பெட்டி, ஒரு காய்கறித் தோட்டம், இவை அனைத்துக்கும் ஊழியம் செய்ய ஒரு தம்பதி என்பது பொதுவான அமைப்பு. வழக்கமான ஆண்டு என்று ஒன்று அங்கே இதுவரை வந்ததில்லை.

வெர்மான்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்று காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை வேறு. லிஸ்பனில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த வில்லியம் ஜார்விஸ், ஸ்பெயின் நாட்டு மெரினோ செம்மறிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து வெர்மான்டில் பண்ணை வைத்தபின் மாநிலத்துக்கே கம்பளிப் பித்துப் பிடித்தது. 1840 வாக்கில் அங்கே 16 லட்சத்துக்கும் மேற்பட்ட செம்மறிகள். மனிதர்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. மேய்ச்சலுக்காக மலைகளை மொட்டையடித்தார்கள். பிறகு கம்பளி விலை விழுந்தது, செம்மறிகள் போயின, ஆட்களில் பாதிப்பேர் மேற்கே வண்டி கட்டினார்கள், யாரும் கேட்காமலே மரங்கள் திரும்பி வந்தன. நடுக்காட்டில் எதையும் காக்காமல் நிற்கும் கல்வேலிகளில் நடைபயணிகள் இன்றும் இடறி விழுகிறார்கள்.

இந்தக் காட்டுக்குள் நகரத்தார் குடிபுகுந்ததற்கு ஒரு முன்னோடித் தம்பதி உண்டு. ஸ்காட் நியரிங்கும் ஹெலன் நியரிங்கும் 1932இல் நியூயார்க்கை உதறிவிட்டு வெர்மான்டுக்கு வந்தார்கள். கைப்பாட்டில் வாழ்வதைப் பற்றி அவர்கள் 1954இல் எழுதிய 'லிவிங் த குட் லைஃப்' என்ற நூல், 1970இல் மறுபதிப்பானபோது மண்ணுக்குத் திரும்பத் துடித்த இளைஞர்களுக்கு வேதமாயிற்று. வயிற்றுப்பாட்டுக்கு நாளொன்றுக்கு நாலு மணி நேர உழைப்பு போதும், மிச்சப் பொழுது படிப்புக்கும் இசைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் நியரிங் தம்பதி சைவர்கள். விலங்கு வளர்ப்பதை அடிமை வைப்பதாகக் கருதியவர்கள். அவர்கள் தொழுவத்தில் ஒரு கோழிகூடக் கிடையாது. நூலைப் படித்துவிட்டு வந்தவர்களில் பலர் அந்த ஒரு பகுதியை மட்டும் வேகமாகப் புரட்டிவிட்டு நேரே ஆட்டுச் சந்தைக்குப் போனார்கள்.

இலையுதிர்பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது. 22 அல்லது 23ஆம் தேதி பகலும் இரவும் சமமாகும்; அதன்பின் வெர்மான்டின் அட்சரேகையில் பகல் நாளுக்கு மூன்று நிமிடம் போலச் சுருங்கும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒன்பது மணி நேரம்கூடத் தேறாது. இந்தச் சுருக்கம் பண்ணையில் உள்ள அத்தனை உயிருக்கும் உடனே தெரிந்துவிடுகிறது. மரம் அறிகிறது, கோழி அறிகிறது, கிடா அறிகிறது, தேனீ அறிகிறது. ஒவ்வொன்றும் அதற்கேற்பத் தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது அல்லது வேறு வேலைக்கு மாறிக்கொள்கிறது. நாள்காட்டியைப் பார்த்து மட்டுமே பருவத்தை அறியும் ஒரே உயிருக்கு மட்டும் இதே நேரத்தில் வேலை இரட்டிக்கிறது.

மரங்களின் நடவடிக்கை உலகறிந்தது. இலையில் பச்சையம் சிதையத் தொடங்கியதும், கோடையெல்லாம் அதன் பின்னால் ஒளிந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சர்க்கரை மேப்பிளின் சிவப்போ அப்போதுதான் புதிதாகத் தயாராவது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை மலைகள் தீப்பற்றி எரிகின்றன. அதைப் பார்க்கக் கார் காராக ஆட்கள் வருகிறார்கள். வளைவில் வண்டியை நிறுத்தி, பண்ணை வீட்டு வாசலில் நின்று, வேலியோரத்து மேப்பிளைப் படமெடுத்து, இங்கே வாழ்வது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொல்லப்படும் நேரத்தில் கொடுப்பினைக்கு உரியவர் அதே மரத்தின் இலைகள் அடைத்துக்கொண்ட கூரை வாய்க்காலைக் கையால் துழாவிக்கொண்டிருப்பார். மலையில் இருக்கும்வரை இலை மாநிலத்தின் சுற்றுலா வருவாய். முற்றத்தில் விழுந்த கணம் அது தனியார் சொத்து.

தோட்டத்தின் கவலை உறைபனி. செப்டம்பர் நடுவிலிருந்து ஏதோ ஓர் இரவில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்கு இறங்கும். எந்த இரவு என்பதுதான் சூதாட்டம். வானொலியில் எச்சரிக்கை வந்த மாலையில் வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகள் அனைத்தும் தக்காளிச் செடிகளுக்குப் போர்த்தப்படுகின்றன. வீட்டார் விரிப்பில்லாத மெத்தையில் படுக்கிறார்கள். காலையில் பார்த்தால் பனி விழுந்திருக்காது. இப்படி நாலைந்து முறை விரித்துச் சுருட்டியபின், சலிப்பில் போர்த்தாமல் விட்ட இரவில் விழும். மறுநாள் துளசி கறுத்து, வெள்ளரிக் கொடி வெந்த கீரையாய்த் தொங்கும். சுக்கினிக்கு மட்டும் இந்தப் பரிவு காட்டப்படுவதில்லை. ஆகஸ்ட் முழுக்கக் கைமுட்டி அளவில் பார்த்துவிட்டு மறுநாள் கைத்தடி அளவில் பறிக்க நேர்ந்த காய் அது. வெர்மான்ட்டில் மக்கள் காரைப் பூட்டுவது அந்த மாதத்தில் மட்டும்தான், பூட்டாவிட்டால் அண்டைவீட்டார் பின்னிருக்கையில் சுக்கினியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அங்கே புழங்கும் பழைய வேடிக்கை. முதல் உறைபனிக்கு ரகசியமாகப் பிரார்த்தனை செய்பவர்களும் ஊரில் உண்டு.

பனிக்கு முன் பறித்த பச்சைத் தக்காளி வீட்டுக்குள் வருகிறது. காயைத் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, நடுவில் ஓர் ஆப்பிளை வைத்து, நிலவறையில் அடுக்குவது முறை. ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வாயு தக்காளியைப் பழுக்க வைக்கும். இதில் அறிவியல் குறை ஒன்றும் இல்லை. எது பழுத்தது, எது அழுகியது என்பதை அறியத் தினமும் நூறு காயின் சுற்றைப் பிரித்துப் பார்த்து மறுபடி சுற்ற வேண்டும் என்பதுதான் குறை. பண்ணையார் பழைய செய்திகளை இந்த வகையில் மூன்று நான்கு முறை படித்துவிடுகிறார். மிஞ்சுவதை மாவில் தோய்த்துப் பொரிக்கலாம், வினிகர் ஊறுகாய் போடலாம். அக்டோபர் கடைசியில் குடும்பத்தார் முகத்தில் தெரியும் களைப்புக்குத் தக்காளிக்காய்தான் காரணம் என்று மருத்துவர்கள் ஏனோ எழுதுவதில்லை.

பரங்கிக்காய் வேறு ரகத்துச் சிக்கல். வெர்மான்டும் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் அது உணவு என்பதைவிடப் போட்டி. ரோட் ஐலண்டைச் சேர்ந்த ரான் வாலஸ் வளர்த்த காய் 2012இல் மாசசூசெட்ஸின் டாப்ஸ்ஃபீல்ட் கண்காட்சியில் 2,009 பவுண்டு நின்றது. அதாவது 900 கிலோவுக்கு மேல். உலகில் முதன்முதலாக அமெரிக்க டன் அளவைத் தாண்டிய பரங்கி அதுதான். இப்படிப்பட்ட காயைச் சமைக்க முடியாது, நகர்த்த முடியாது, புகழத்தான் முடியும். மெய்ன் மாநிலத்தின் டமரிஸ்காட்டா ஊரார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: அக்டோபரில் ராட்சதப் பரங்கியைக் குடைந்து, உள்ளே உட்கார்ந்து, துடுப்புப் போட்டு ஆற்றில் பந்தயம் விடுகிறார்கள். சிலர் மோட்டாரும் பொருத்துகிறார்கள். சில காய்கள் மூழ்குகின்றன. விவசாயம் எங்கே முடிந்து கப்பல் கட்டும் தொழில் எங்கே தொடங்குகிறது என்பதை வேளாண் துறை இன்னும் தெளிவுபடுத்தவில்லை.

தோட்டத்தில் எல்லாம் அடங்கும் அக்டோபரில் பூண்டு மட்டும் நடப்படுகிறது. பல் பல்லாகப் பிரித்து, கூர்முனை மேலே இருக்கப் புதைத்து, வைக்கோல் போர்த்திவிட்டால் போதும். குளிரில் கிடந்தால்தான் அது வசந்தத்தில் பல்லாகப் பிரியும். அறுவடை அடுத்த ஜூலையில். இவ்வளவு ஒழுங்கான பயிரைப் பற்றி நகைச்சுவையாக எழுத ஒன்றுமில்லை.

ஆப்பிள் மரங்களுக்குப் பஞ்சம் கிடையாது. மக்கின்டாஷ், நார்தர்ன் ஸ்பை, மாசசூசெட்ஸில் பதினேழாம் நூற்றாண்டிலேயே தோன்றிய ராக்ஸ்பரி ரஸ்ஸெட் என்று பழைய ரகங்கள் ஏராளம். ஆப்பிள் விதையிலிருந்து தாயைப் போன்ற மரம் வராது. நல்ல மரம் வேண்டுமானால் ஒட்டுக் கட்ட வேண்டும். கேட்பாரற்று வேலியோரத்தில் முளைத்தவை எல்லாம் புளிப்பும் துவர்ப்புமாய்த் தங்கள் இஷ்டத்துக்குக் காய்க்கின்றன. அவற்றைச் செக்கில் பிழிந்து சாறெடுப்பார்கள். ஒரு காலன் சாற்றுக்கு மூன்று டஜன் பழம் போலப் பிடிக்கும். அடியில் விழுந்து கிடப்பவை தானாகவே புளிக்கின்றன. அங்கே கூடுகின்றன மஞ்சள் குளவிகள். கோடையில் கூட்டிலுள்ள புழுக்களுக்கு இரை ஊட்டி, பதிலுக்குப் புழு கசியும் இனிப்புநீரைப் பெற்றுவந்த உழைப்பாளிக் குளவிகள் இவை. பருவ முடிவில் வளர்க்கப் புழுவும் இல்லை, இனிப்பும் இல்லை. வேலையும் கூலியும் ஒன்றாகப் போனதால் புளித்த பழத்தில் வாய் வைத்து, போகிற வருகிறவரிடமெல்லாம் வம்பு வளர்க்கின்றன. பழம் பொறுக்கப் போகிறவர் இந்த மன நிலையை மதித்து நடப்பது நல்லது.

கோழி வளர்ப்பின் பொருளாதாரம் இலையுதிர்காலத்தில்தான் முழுமையாக விளங்கும். முட்டையிட ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. செப்டம்பரில் அது கிடைப்பதில்லை. கோழி கடையைச் சாத்துகிறது. அத்தோடு விடாமல் பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடத் தொடங்குகிறது. ஒரு காலை கூண்டைத் திறந்தால், நரி வந்து போனதோ என்று நெஞ்சு பதறும் அளவுக்கு இறகு சிதறிக் கிடக்கும். எண்ணிப் பார்த்தால் கோழிகள் அத்தனையும் இருக்கும். வாலில்லாமல், கழுத்துத் தோல் தெரிய, பாதி உரித்த தலையணையாய் முற்றத்தில் உலவும் அந்தப் பறவையை விருந்தாளிகள் பார்த்துவிட்டு, அதற்கு என்ன நோய் என்று தாழ்ந்த குரலில் விசாரிப்பார்கள்.

உதிர்ப்பு முடிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். இறகில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் புரதம் என்பதால் தீனியில் கஞ்சத்தனம் காட்ட முடியாது. கோழி ஒன்று நாளுக்கு 115 கிராம் போலத் தின்னும். பன்னிரண்டு கோழி மூன்று மாதத்தில் 125 கிலோ தீனியைக் காலி செய்யும். பண்ணையார் அதை மூட்டை மூட்டையாகச் சுமந்து போட்டுவிட்டு, திரும்பும் வழியில் கடையில் முட்டை வாங்கி, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் பைக்குள் ஆழமாகச் செருகி வருகிறார். கூண்டில் விளக்குப் போட்டுக் கோழியை ஏமாற்றலாம் என்பது ஒரு கட்சி. அதற்கும் ஓய்வு வேண்டாமா என்பது எதிர்க்கட்சி. நன்றாக முட்டையிடும் கோழி தாமதமாக உதிர்க்கத் தொடங்கிச் சீக்கிரம் முடித்துவிடும். மோசமாக முட்டையிடுவதுதான் முதலில் விடுப்பில் போய்க் கடைசியாகத் திரும்பும். இந்த விதி கோழிகளுக்கு மட்டும் உரியதா என்பதை அலுவலகங்களில் பணியாற்றியோர் சொல்லட்டும்.

கோழியை ஓயச் சொல்லும் அதே குறும்பகல் வெள்ளாட்டை உசுப்பிவிடுகிறது. குளிர்நாட்டு வெள்ளாடுகள் பகல் சுருங்கும்போதுதான் சினைக்கு வரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு நாள் மட்டும். ஏறத்தாழ 150 நாள் சினை என்பதால், அக்டோபரில் சேர்ந்தால் மார்ச்சில் குட்டி. இயற்கையின் திட்டத்தில் இதுவரை பிழையில்லை. பிழை கிடாவில் தொடங்குகிறது. மதம் ஏறிய கிடா தன் தாடி, முகம், முன்னங்கால் எல்லாவற்றிலும் தன் மூத்திரத்தைத் தானே பீய்ச்சிக்கொள்ளும். பெட்டைகளுக்கு அது வாசனைத் திரவியம். மனிதருக்கு அது சட்டையில் ஏறினால் சட்டையையும், கையில் ஏறினால் அன்றைய சோற்றையும் மறந்துவிட வேண்டியதுதான். கிடா பக்கத்தில் இருந்தால் பாலிலும் வாடை ஏறும் என்பது கறவை ஆடு வளர்ப்போரின் அசையாத நம்பிக்கை. ஆகவே மூன்று ஆடு வைத்திருப்பவர் கிடா வைத்துக்கொள்வதில்லை. எங்கோ முப்பது மைல் தள்ளி வைத்திருப்பவரைத் தெரிந்துவைத்துக்கொள்கிறார்.

கிடா வீட்டில் இல்லாதபோது பெட்டை சினைக்கு வந்ததை அறிய ஒரு கருவி உண்டு. ஒரு துணியைக் கிடாவின் தலையிலும் தாடியிலும் நன்றாகத் தேய்த்து, ஜாடியில் போட்டு இறுக மூடி வைத்துக்கொள்வது. சந்தேகம் வரும் நாளில் ஜாடியைத் திறந்து ஆட்டின் மூக்கருகே காட்டினால், அது வாலை ஆட்டிக் கத்தித் தீர்ப்புச் சொல்லிவிடும். ஜாடியை எங்கே வைப்பது என்பது பல குடும்பங்களில் தீராத வழக்கு. சமையலறை அலமாரியில் ஜாம் போத்தல்களுக்கு நடுவே அதைக் கண்டெடுத்த இல்லத்தரசியின் கூற்றுகள் அச்சில் ஏறக்கூடியவை அல்ல. தீர்ப்பு வந்ததும் ஆட்டைக் காரின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். பருவம் ஒன்றிரண்டு நாள்தான். வழியில் இலை பார்க்க வந்த கார்கள் வரிசைகட்டி ஊர்ந்துகொண்டிருக்கும். மேப்பிளைப் படமெடுக்கக் கண்ணாடியை இறக்கிய சுற்றுலாப் பயணி, பக்கத்துக் காரிலிருந்து தலையை நீட்டி ஒப்பாரி வைக்கும் ஆட்டையும் சேர்த்தே படமெடுத்துக்கொண்டு போவார்.

செம்மறிகளில் காரியம் சத்தமில்லாமல் நடக்கிறது, ஆனால் ரகசியமாக அல்ல. கிடாவின் மார்பில் ஒரு வார்ப்பட்டை கட்டி அதில் சாயக்கட்டி பொருத்துகிறார்கள். அது எந்தப் பெட்டையோடு சேர்கிறதோ அதன் முதுகில் நிறம் ஒட்டிக்கொள்ளும். செம்மறியின் சுழற்சி 17 நாள் போல என்பதால் அதற்கொருமுறை சாயத்தை மாற்றுவார்கள். மஞ்சளில் தொடங்கிப் பச்சை, சிவப்பு என்று அழுத்தமான நிறத்துக்குப் போவது வழக்கம். முதல் சுற்று மஞ்சளோடு நின்ற பெட்டைக்குச் சினை பிடித்துவிட்டது. மஞ்சள்மேல் பச்சை விழுந்ததற்குப் பிடிக்கவில்லை. சாலையில் போகிறவர் எவரும் மந்தையின் அந்தரங்க வரலாற்றைக் காரை நிறுத்தாமலே படித்துவிட்டுப் போகலாம்.

தேனீப் பெட்டியில் ஆட்குறைப்பு நடக்கிறது. ஆண் தேனீ தேன் சேகரிப்பதில்லை, கூடு கட்டுவதில்லை, கொட்டுவதற்குக் கொடுக்கும் இல்லை. ராணியோடு சேர்வது ஒன்றுதான் அதன் பணி. குளிரில் அந்தப் பணியும் இல்லை. அக்டோபரில் வேலைக்காரத் தேனீக்கள் ஆண்களை இறக்கையைப் பிடித்து இழுத்துவந்து வாசலில் தள்ளுகின்றன. திரும்ப நுழையப் பார்த்தால் மறுபடி தள்ளுகின்றன. இந்தக் காட்சியைப் பண்ணையாரின் மனைவி வெகுநேரம் நின்று பார்ப்பதாகவும், பண்ணையார் அன்று கூப்பிடாமலே விறகு வெட்டப் போவதாகவும் சொல்வார்கள். வடக்கத்திக் குளிரைத் தாண்ட ஒரு கூட்டத்துக்கு 27 கிலோ தேனுக்குக் குறையாமல் வேண்டும். அதை விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் மனிதர் எடுக்கலாம். சில ஆண்டுகளில் மிச்சம் என்பது ஒரு ரொட்டித் துண்டுக்குப் போதும்.

வரும் குளிர்காலம் கடுமையா மிதமா என்பதை அறிய இரண்டு அதிகாரிகள் உண்டு. முதலாமவர் கம்பளிப்புழு, இரு முனையும் கறுப்பு, நடுவில் செம்பழுப்பு. பழுப்புப் பட்டை அகலமானால் மிதமான குளிர், குறுகினால் கடுங்குளிர் என்பது நம்பிக்கை. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சியியலாளர் கரன், 1948இல் பேர் மவுண்டன் என்ற மலைக்குப் போய்ப் புழு பிடித்து, பதின்மூன்று கணுக்களில் எத்தனை பழுப்பு என்று எண்ணினார்; பத்திரிகையில் செய்தியும் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் நண்பர்களோடு சேர்ந்து அதற்காக ஒரு சங்கமும் வைத்தார். இலையுதிர்காலத்தில் மலையேறி நல்ல சாப்பாடு சாப்பிட அறிவியல் ரீதியான காரணம் கிடைத்தால் யார்தான் விடுவார்? பட்டையின் அகலம் புழுவின் வயதையும் வளர்ந்த விதத்தையும் பொறுத்தது என்கிறார்கள் பூச்சியியலாளர்கள். ஆகவே அது சொல்வது கடந்துபோன பருவத்தைப் பற்றி. நிபுணர்களில் பலர் இந்த முறையைத்தான் கையாளுகிறார்கள்.

இரண்டாமவர் 'ஓல்ட் ஃபார்மர்ஸ் அல்மனாக்'. 1792இல் ராபர்ட் தாமஸ் தொடங்கிய இந்தப் பஞ்சாங்கம் இன்றும் நியூ ஹாம்ப்ஷயரின் டப்ளின் ஊரிலிருந்து ஆண்டுதோறும் வருகிறது. சூரியப் புள்ளிகளை வைத்துக் கணிக்கும் சூத்திரம் ஒரு கறுப்புப் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கிறதாம். 80 சதவீதம் பலிக்கும் என்பது வெளியீட்டாரின் கூற்று. வெளியிலிருந்து சரிபார்த்த வானிலையாளர்கள் கண்டது பாதிக்குப் பாதியை ஒட்டிய பலன். வாசகர்கள் ஆணியில் மாட்டிவைத்த பழக்கத்தைப் பார்த்து, புத்தக மூலையில் பதிப்பாளரே துளை போட்டுத் தருகிறார். அந்த ஆணி அந்தக் காலத்தில் பெரும்பாலும் கழிப்பறையில் இருந்தது. படித்த பக்கங்கள் வீணாகவில்லை.

எந்தக் கணிப்பு பலித்தாலும் விறகு வேண்டும். விறகின் அளவு கார்ட். நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளத்துக்கு அடுக்கினால் 128 கன அடி. பழைய மரவீடு ஒன்று குளிர்காலத்தில் நாலைந்து கார்ட் விழுங்கும். விறகு எரிய ஓராண்டு காய வேண்டும், அதாவது இந்த ஆண்டு விறகைப் போன ஆண்டே பிளந்திருக்க வேண்டும். இது வெர்மான்ட்டில் எல்லோரும் அறிந்த உண்மை. அக்டோபரில் பச்சை விறகுக்கு அலைபவர்களும் அதை அறிந்தவர்கள்தான். அடுக்கிய விறகுக்குள் எலி குடியேறும். விறகோடு சேர்ந்து வீட்டுக்குள் வரும். கூடவே குளிருக்கு ஒதுங்கும் ஈக்களும் பொறிவண்டுகளும் ஜன்னல் இடுக்குகளில் கூட்டம் கூட்டமாய் இடம் பிடிக்கின்றன. பூனை இவை அனைத்தையும் அடுப்பருகே படுத்தபடி கண்காணிக்கிறது.

காட்டில் கறுங்கரடி உறக்கத்துக்கு முன் நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்னும் நேரம் இது. டிசம்பருக்கு முன் பறவைத் தீனிக் கூடுகளைத் தொங்கவிடாதீர்கள் என்று வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் கெஞ்சுகிறது. தொங்கவிடுபவரின் கூடு, கம்பம், சில சமயம் தாழ்வாரமும் போய்விடும்.

பன்றியின் கதை அக்டோபரில் முடிகிறது. வசந்தத்தில் 18 கிலோ குட்டியாக வந்தது, விழுந்த ஆப்பிளையும் விற்காத பரங்கியையும் யாரும் தொடாத சுக்கினியையும் தின்று 110 கிலோவைத் தாண்டியிருக்கும். பண்ணையில் மற்ற எல்லாவற்றின் குற்றத்தையும் ஜீரணித்த ஒரே ஜீவன் அது. பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. பிள்ளைகள் மே மாதமே வைத்திருப்பார்கள். மெய்னின் வடக்கு ப்ரூக்ளினில் 1933இல் பண்ணை வாங்கிய எழுத்தாளர் ஈ. பி. ஒயிட், குளிர்காலத்தில் வெட்டுவதற்காக வளர்த்த பன்றி செப்டம்பரில் நோயுற்றபோது விளக்கெண்ணெய் புகட்டி, எனிமா கொடுத்து, இரவெல்லாம் அல்லாடினார். பன்றி செத்துப்போனது. 1948 ஜனவரி 'அட்லாண்டிக்' இதழில் அவர் எழுதிய 'டெத் ஆஃப் எ பிக்' கட்டுரை அந்த நாட்களைப் பற்றியது. வெட்ட வாங்கிய விலங்கு தானாகச் சாவதை எந்தப் பண்ணையாராலும் தாங்க முடிவதில்லை. இதில் உள்ள முரணைப் பன்றியிடம் விளக்க முயன்றவரும் இல்லை. 1952இல் ஒயிட் எழுதிய 'ஷார்லட்ஸ் வெப்' கதையில் ஒரு சிலந்தி பன்றியைக் காப்பாற்றிவிடுகிறது. அதைப் படித்த பிள்ளைகள் உள்ள வீட்டில் கசாப்பு வண்டிக்குத் தேதி குறிப்பது தனிக் கலை.

நவம்பர் முதல் ஞாயிறு, கோடைக்காக முன்னுக்கு நகர்த்திய கடிகாரத்தை அரசாங்கம் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறது. இந்தக் கோடை நேர ஏற்பாடு விவசாயிகளுக்காக வந்தது என்று அமெரிக்காவில் பரவலாக நம்புகிறார்கள். உண்மையில் 1918இல் கொண்டுவந்த சட்டத்தை, ஜனாதிபதி வில்சனின் மறுப்பையும் மீறி மறு ஆண்டே ரத்து செய்ய வைத்ததில் விவசாயிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆட்டின் மடி கடிகாரம் பார்ப்பதில்லை. புது நேரப்படி ஐந்து மணிக்குக் கறக்க எண்ணிப் படுத்தவரை, பழைய நேரப்படி ஐந்து மணிக்கே தொழுவம் கூவி எழுப்பும். நாடு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கியதாக அன்றைய செய்தியில் சொல்வார்கள்.

அதே மாத நடுவில் பதினாறு நாள் துப்பாக்கி மான்வேட்டைப் பருவம். காட்டோரம் போகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொள்கிறார்கள். நாய்க்கும் ஆட்டுக்கும் அதே நிறத்தில் பட்டை கட்டப்படுகிறது. பழுப்பு நிற ஆல்பைன் இன ஆடு தூரத்திலிருந்து பார்த்தால் மான்தான். மாட்டின் விலாவில் 'மாடு' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தவரின் கதை மாவட்டத்துக்கு மாவட்டம் வழங்குகிறது. எல்லாக் கதையிலும் வேட்டைக்காரர் எழுத்தறியாதவராகவே இருக்கிறார்.

நவம்பர் நான்காம் வியாழன், வான்கோழி விருந்தோடு நன்றி நவிலும் நாள். நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்த சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகாசிரியை பல ஆண்டுகள் விடாமல் கடிதம் எழுதி, 1863இல் ஜனாதிபதி லிங்கனிடம் இந்த விழாவுக்கு அறிவிப்பு வாங்கினார். மேரியின் ஆட்டுக்குட்டியைப் பற்றி 1830இல் பாட்டு எழுதியவரும் இவரே; குட்டிக்குப் பள்ளிக்கூடமும் வான்கோழிக்கு அடுப்பும் வாங்கிக் கொடுத்த பெருமை ஒரே கைக்கு உரியது. 1939இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கடைக்காரர்களுக்காக விழாவை ஒரு வாரம் முன்னுக்கு இழுக்க, மாநிலங்கள் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வியாழனில் நன்றி சொல்லின. 1941இல் சட்டம் வந்துதான் அடங்கியது. பண்ணை வான்கோழி மார்புக்கறிக்காகவே பெருக்கப்பட்டதால் பறக்காது, இயல்பாக இணை சேரவும் இயலாது. காட்டு வான்கோழியோ வெர்மான்ட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அற்றுப்போய், 1969இலும் 1970இலும் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்து விட்ட 31 பறவைகளிலிருந்து பல்லாயிரமாய்ப் பெருகியிருக்கிறது. விழா வாரத்தில் அது கூட்டமாய் வந்து கோழித் தீனியைத் தின்றுவிட்டு, கூண்டுக்குள் இருக்கும் உறவினரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துபோகிறது.

கடைசி வேலை எரு. வெர்மான்ட் சட்டப்படி டிசம்பர் 15 முதல் ஏப்ரல் 1 வரை வயலில் சாணம் பரப்பக் கூடாது. உறைந்த மண்ணில் அது இறங்காமல், பனி உருகும்போது ஓடைக்கும் ஏரிக்கும் போய்விடும். ஆகவே அதற்குமுன் ஊரிலுள்ள குழிகள் அனைத்தும் காலியாக வேண்டும். இலை பார்க்கத் தாமதமாக வந்தவர்களுக்கு அந்த மணம் மட்டும் கிடைக்கிறது. சிறு பண்ணையார் தள்ளுவண்டியில் நடை நடையாய்ச் சுமந்து, பூண்டுப் பாத்தியைத் தவிர்த்து, தோட்டமெங்கும் பரப்பி முடிக்கிறார். பதினான்காம் தேதி மாலை தொழுவம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். சட்டம் தடுப்பது பரப்புவதைத்தான். உற்பத்திக்கு எந்தத் தடையும் இல்லை. பதினைந்தாம் தேதி காலையிலேயே ஆடுகள் அதைத் தொடங்கிவிடுகின்றன.